ஆர்.சி. கார் வாங்கப் போறீங்களா? பிரஷ்டு மோட்டாரா, பிரஷ்லெஸ்ஸா... பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

"மச்சி, யோசிக்காம பிரஷ்லெஸ் எடுத்துரு. பிரஷ்டு எல்லாம் பொம்மைடா!"

ரிமோட் கார் வாங்கலாமா என்று நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால், முதலில் வரும் பதில் பெரும்பாலும் இதுதான். இரண்டாவதாக ஒருவர் வருவார். "முதல் காரா? பிரஷ்டு போதும் ப்ரோ. காசைக் கரியாக்காத." மூன்றாவது ஆள் வந்து, "கே.வி. எவ்வளவு, சென்சார் இருக்கா, 2எஸ்ஸா 3எஸ்ஸா?" என்று ஆரம்பித்ததும், கேட்டவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார்.

சென்னையிலோ பெங்களூருவிலோ இருப்பவருக்கு இது சின்னக் குழப்பம். தப்பான கார் வாங்கிவிட்டாலும், உதிரி பாகம் கிடைக்கும் ஹாபி கடை பக்கத்தில் இருக்கும். ஆனால் திண்டுக்கல் – மதுரை சாலையில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் சின்னாளப்பட்டியில் இருந்து கேட்பவரின் நிலைமை வேறு. சுங்குடிச் சேலைக்கும் கைத்தறிக்கும் பேர் போன ஊர். சேலை வேண்டுமென்றால் தெருவுக்குத் தெரு கடை. ஆனால் ஆர்.சி. காரின் மோட்டார் புகைந்துபோனால்? ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, கூரியர்காரரின் போனுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கார், அதுவரை அலமாரியில் தூங்கும்.

அதனால் 'எது வேகம்' என்ற கேள்விக்கு முன்னால் வேறு சில கேள்விகள் வருகின்றன. எங்கே ஓட்டப் போகிறீர்கள்? கெட்டுப்போனால் யார் சரி செய்வது? மொத்தச் செலவு எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், மோட்டார் எது என்பது தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் மிக்ஸியைப் பார்ப்போம்

பிரஷ்டு மோட்டாரைப் புரிந்துகொள்ள ஆர்.சி. கார் தேவையில்லை. வீட்டு மிக்ஸி போதும். இட்லி மாவு அரைக்கும்போது அடிப்பக்கக் காற்றுத் துளை வழியாக நீலநிறப் பொறி தெரியும். ஒருவித கருகல் வாசனையும் வரும். சில வருடங்கள் கழித்து மிக்ஸி விட்டு விட்டு ஓடும். ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "கார்பன் தேஞ்சிடுச்சு, மாத்திடலாம்" என்பார். அந்தக் கார்பன்தான் பிரஷ்.

மோட்டாருக்குள் சுழலும் பகுதியில் செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கும். அதில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகும். சுற்றியிருக்கும் காந்தம் அதை இழுக்கும், தள்ளும். ஆனால் ஒரு சிக்கல்: சுருள் பாதிச் சுற்று சுற்றியதும் மின்சாரத்தின் திசையை மாற்றாவிட்டால், அது அங்கேயே நின்றுவிடும். அந்தத் திசை மாற்றத்தைச் செய்வதுதான் கம்யூட்டேட்டர் என்ற செம்புப் பட்டைகள் கொண்ட வளையம். அதன்மேல் இரண்டு கார்பன் துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். வளையம் சுழலச் சுழல, எந்தச் சுருளுக்கு மின்சாரம் போக வேண்டும் என்பது தானாகவே மாறிக்கொண்டிருக்கும்.

மிக்ஸியில் காந்தத்துக்குப் பதிலாக வெளியேயும் சுருள்தான் இருக்கும். ஆர்.சி. காரில் அந்த இடத்தில் நிலையான காந்தம். மற்றபடி வேலை ஒன்றுதான். இதில் எலக்ட்ரானிக்ஸ் எதுவுமே இல்லை. இரண்டு வயரை பேட்டரியில் வைத்தால் சுற்றும், மாற்றி வைத்தால் ரிவர்ஸில் சுற்றும். விலை குறைவதற்கும், கோளாறு சுலபமாகக் கண்ணுக்குத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

இதற்குக் கொடுக்கும் விலைதான் உரசல். உரசினால் தேயும், சூடாகும், பொறி பறக்கும். அந்தப் பொறி ரேடியோ இரைச்சலையும் கிளப்பும். பிரஷ்டு மோட்டாரின் முதுகில் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் சால்டர் செய்யப்பட்டிருப்பது இந்த இரைச்சலை அடக்கத்தான். தேவையில்லாத பாகம் என்று நினைத்து அதை வெட்டிவிடாதீர்கள்.

பிரஷ்லெஸ்ஸில் என்ன மாறுது?

அப்படியே உள்ளதை வெளியே, வெளியதை உள்ளே மாற்றினால் பிரஷ்லெஸ். காந்தம் சுழலும் பகுதிக்குப் போய்விடும். சுருள்கள் அசையாமல் ஓரிடத்தில் நிற்கும். சுருள் சுழலாததால் அதற்கு மின்சாரம் கொடுக்க எதுவும் உரச வேண்டியதில்லை. கார்பன் இல்லை, பொறி இல்லை. தேயும் பாகம் என்றால் பேரிங் மட்டும்தான்.

சரி, மின்சாரத்தின் திசையை யார் மாற்றுவது? அந்த வேலையை ஈ.எஸ்.சி. எனப்படும் வேகக் கட்டுப்பாட்டு சர்க்யூட் எடுத்துக்கொள்கிறது. மோட்டாரில் இருந்து வரும் மூன்று வயர்களில் எதற்கு, எப்போது மின்சாரம் விட வேண்டும் என்பதை அது ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை முடிவு செய்கிறது.

இதற்கு அடித்தளம் 1962-ல் போடப்பட்டது. அமெரிக்கப் பொறியாளர்கள் வில்சன், டிரிக்கி இருவரும், கம்யூட்டேட்டர் வளையத்தின் வேலையை செமிகண்டக்டர் ஸ்விட்சுகள் செய்யும் மோட்டாரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். 1980-களில் நியோடிமியம் காந்தம் வந்த பிறகு, சின்ன மோட்டாரிலும் பெரிய பலம் சாத்தியமானது. இன்று வீட்டில் மாட்டும் பி.எல்.டி.சி. ஃபேன், சாலையில் ஓடும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர், வானத்தில் பறக்கும் ட்ரோன் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடிவிடுகிறது. (பழைய ஃபேனிலும் பிரஷ் கிடையாது. அது இண்டக்‌ஷன் மோட்டார் என்ற வேறு ஜாதி.)

ஆக, பிரஷ்லெஸ்ஸில் சிக்கல் காணாமல் போகவில்லை. மோட்டாருக்குள் இருந்த சிக்கல் ஈ.எஸ்.சி.க்குள் குடிபோயிருக்கிறது. மோட்டார் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஈ.எஸ்.சி. எரிந்தால், ஊரில் காயில் கட்டுபவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. புதுசுதான் வாங்க வேண்டும்.

அம்பாத்துரை வழியே போகும் ரயிலிலும் இதே கதை

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அம்பாத்துரை ரயில் நிலையத்தில் நின்று திண்டுக்கல் – மதுரை பாதையைப் பார்த்தால், இந்த விவாதம் ஆயிரக்கணக்கான குதிரைசக்தி அளவில் நடந்து முடிந்திருப்பது புரியும்.

இந்திய ரயில்வேயில் பல பத்தாண்டுகள் எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுத்த டபிள்யூ.ஏ.பி.-4 வகை மின்சார எஞ்சினின் சக்கரங்களைச் சுழற்றியது, கார்பன் பிரஷ் உள்ள டி.சி. மோட்டார். ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும், கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். 1995-ல் ஏ.பி.பி. நிறுவனத்திடம் இருந்து டபிள்யூ.ஏ.பி.-5 எஞ்சின்கள் வந்தன. அவற்றில் பிரஷ் இல்லாத மூன்று ஃபேஸ் மோட்டார். அதன் பிறகு வந்த டபிள்யூ.ஏ.பி.-7, டபிள்யூ.ஏ.ஜி.-9 எஞ்சின்களும் அதே வழியில் போயின. ரயிலில் இருப்பது காந்தம் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் என்றாலும், பிரஷ்ஷைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக்ஸிடம் வேலையைக் கொடுக்கும் யோசனை ஒன்றுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரயில்வேயிடம் ஷெட் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள், எலக்ட்ரானிக்ஸ் கெட்டால் மாற்ற பாகம் ஸ்டாக்கில் இருக்கிறது. ஒரு நாளில் பல நூறு கிலோமீட்டர் ஓடும் எஞ்சினுக்குத் தேய்மானம் குறைவது பெரிய லாபம். வாரம் ஒருமுறை 20 நிமிடம் ஓடும் உங்கள் காருக்கும் அதே கணக்கு பொருந்துமா? அங்கேதான் யோசிக்க வேண்டும்.

15 நிமிடமா, 18 நிமிடமா?

'பிரஷ்லெஸ் போட்டால் பேட்டரி நிறைய நேரம் நிற்கும்' என்பார்கள். எவ்வளவு நேரம்? சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பிரஷ்டு கார் சராசரியாக 12 ஆம்ப் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 3,000 எம்.ஏ.ஹெச்., அதாவது 3 ஆம்ப் ஹவர். 3-ஐ 12-ஆல் வகுத்தால் கால் மணி நேரம். 15 நிமிடம்.

பிரஷ்டு மோட்டாரின் திறனை 70 சதவீதம் என்றும், பிரஷ்லெஸ் திறனை 85 சதவீதம் என்றும் வைப்போம். அதே வேகத்தில், அதே தரையில் ஓட்டினால் பிரஷ்லெஸ்ஸுக்கு 10 ஆம்புக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். அப்போது கிடைப்பது சுமார் 18 நிமிடம்.

மூன்று நிமிடம்தான் லாபம். அதுவும் 'அதே வேகத்தில் ஓட்டினால்'. நடைமுறையில் என்ன நடக்கும்? பிரஷ்லெஸ் கையில் கிடைத்ததும் விரல் சும்மா இருக்காது. த்ராட்டிலை முழுசாக அழுத்துவோம். 18 நிமிடம் 10 நிமிடமாகச் சுருங்கும்.

உண்மையான வித்தியாசம் சூட்டில்தான் இருக்கிறது. 100 வாட் உள்ளே போனால், பிரஷ்டு மோட்டாரில் 30 வாட் வெப்பமாக வெளியேறும். பிரஷ்லெஸ்ஸில் 15 வாட்தான். பாதி சூடு! சித்திரை வெயிலில் தரையே கொதிக்கும் நேரத்தில், இந்தப் பாதி சூடுதான் மோட்டார் பிழைக்குமா, புகையுமா என்பதை முடிவு செய்யும்.

பெட்டியில் இருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்?

540, 550: மோட்டாரின் உடல் அளவு. 540 என்றால் சுமார் 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம். 550 அதைவிடக் கொஞ்சம் நீளம். சின்ன கார்களில் 370, 380, 390 என்று வரும்.

டர்ன்: பிரஷ்டு மோட்டாரில் ஒவ்வொரு கையிலும் கம்பி எத்தனை சுற்று சுற்றப்பட்டிருக்கிறது என்பது. சுற்று குறைந்தால் வேகம் கூடும், கரண்டும் அதிகம் குடிக்கும். சுற்று கூடினால் வேகம் குறையும், நிதானமான இழுவை கிடைக்கும். 12 டர்ன் பறக்கும், 55 டர்ன் ஆமை போல் பாறை ஏறும்.

கே.வி.: பிரஷ்லெஸ்ஸுக்கானது. இதைக் கிலோவோல்ட் என்று படித்துவிடாதீர்கள். ஒரு வோல்ட் கொடுத்தால், பாரம் இல்லாமல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் கே.வி. 3,500 கே.வி. மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால் 25,900 சுற்று. அதே மோட்டாருக்கு 11.1 வோல்ட் கொடுத்தால் 38,850. பேட்டரியில் ஒரு செல் கூடினாலே மோட்டார் வேறு மிருகமாகிவிடும்.

2எஸ், 3எஸ்: லித்தியம் பாலிமர் பேட்டரியில் எத்தனை செல் தொடராக இணைக்கப்பட்டிருக்கிறது என்பது. ஒரு செல் 3.7 வோல்ட். 2எஸ் என்றால் 7.4, 3எஸ் என்றால் 11.1.

சென்சார்டு, சென்சார்லெஸ்: பிரஷ்லெஸ் மோட்டாரில் காந்தம் இப்போது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது ஈ.எஸ்.சி.க்குத் தெரிய வேண்டும். சென்சார் இருந்தால் அது நேரடியாகச் சொல்லிவிடும். சென்சார் இல்லாவிட்டால், சுழற்சியில் உருவாகும் வோல்டேஜை வைத்து ஈ.எஸ்.சி. ஊகிக்கும். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அந்த வோல்டேஜே இருக்காது. அதனால் கிளம்பும்போது கார் 'டக் டக்' என்று திக்கும். வேகமாக ஓட்டுபவருக்கு இது பொருட்டில்லை. மெதுவாக ஊர்ந்து போக வேண்டியவருக்குப் பெரிய தொல்லை.

எங்கே ஓட்டப் போறீங்க?

தெருவும் மொட்டை மாடியும்: வீட்டு வாசல், சந்து, மொட்டை மாடிதான் மைதானம் என்றால் பிரஷ்டு போதும். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. 2 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்தால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 278 ஜூல். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் சுமார் 120 ஜூல்தான். அதாவது, வேகப்பந்து வீச்சாளர் போடும் பந்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! அது தறிச் சாமான் எடுத்துக்கொண்டு போகும் பெரியவரின் காலிலோ, வாசலில் கோலம் போடுபவர் மீதோ மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிரஷ்லெஸ்தான் வாங்குவேன் என்றால், ரிமோட்டில் த்ராட்டில் அளவைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காய்ந்த குளமும் பொட்டலும்: கோடையில் தண்ணீர் வற்றிய குளத்துத் தரை, அறுவடை முடிந்த காடு. வேகமாக ஓட்ட இடம் இருக்கிறது, ஆள் நடமாட்டம் இல்லை. இங்கே பிரஷ்லெஸ் தன் காசுக்கு வேலை செய்யும். ஆனால் மண்ணைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் காந்தத்தை மண்ணில் புரட்டி, ஒட்டிய கறுப்புத் துகளைப் பேப்பரில் ஆடவிட்டு விளையாடியிருப்பீர்கள். அதே இரும்புத் துகள் மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தையும் தேடிப் போகும். இரண்டு வகை மோட்டாரிலும் காந்தம் உண்டு. காற்றுத் துளை திறந்திருக்கும் பிரஷ்டு மோட்டாரில் புழுதியும் கார்பன் தூளும் சேர்ந்து பிரஷ்ஷைச் சீக்கிரம் தின்றுவிடும். புழுதியில்தான் ஓட்டுவேன் என்பவருக்கு, முழுக்க மூடிய உடல் கொண்ட பிரஷ்லெஸ் நல்ல தேர்வு.

பாறையும் சரிவும்: மெதுவாகப் பாறைமீது ஏறும் கிராலர் வகைக்கு வேகமே தேவையில்லை. அழுத்திய அளவுக்கு அலுங்காமல் நகர வேண்டும். இங்கே பிரஷ்டுதான் இன்றும் மரியாதையோடு இருக்கிறது. டிராக்ஸஸ் நிறுவனத்தின் டி.ஆர்.எக்ஸ்.-4 விலை மலிவான கார் இல்லை. ஆனாலும் அது 21 டர்ன் பிரஷ்டு மோட்டாரோடு வந்தது. பிரஷ்லெஸ்ஸில் இதே நயம் வேண்டுமென்றால் சென்சார்டு வாங்க வேண்டும். அதற்குத் தனி விலை. இன்னொன்று, பாறை கிடைக்கிறதே என்று சிறுமலை வனப்பகுதிக்குள் காரை இறக்கிவிடாதீர்கள். ஊர் ஓரத்துக் கல்மேடே போதும்.

தண்ணீர்: பிரஷ்லெஸ் மோட்டார் நனைந்தால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் பேரிங் துருப்பிடிக்கும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பிரஷ்டு மோட்டாரும் நனைந்தபடி ஓடும், ஆனால் ஈரத்தில் கார்பன் வேகமாகத் தேயும். எதுவாக இருந்தாலும் ஈ.எஸ்.சி. வாட்டர்ப்ரூஃபா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பறப்பது: இங்கே மட்டும் விவாதமே இல்லை. ஒவ்வொரு கிராமும் கணக்கு என்பதால் பிரஷ்லெஸ்தான். நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த, சென்னை எம்.ஐ.டி. வளாகத்தின் 'தக்‌ஷா' மாணவர் குழு 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது நினைவிருக்கும். விவசாயத்துக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் முதல் கல்யாண வீட்டு வீடியோ ட்ரோன் வரை மேலே சுற்றுவது பிரஷ்லெஸ் மோட்டார்தான். உள்ளங்கை அளவு பொம்மை ட்ரோனில் மட்டும் குட்டிப் பிரஷ்டு மோட்டார் இருக்கும். அது சில மணி நேரப் பறப்பிலேயே தேய்ந்துவிடும்.

ஒரே கார், இரண்டு மோட்டார்

சில நிறுவனங்கள் ஒரே காரை இரண்டு வகையிலும் விற்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல வழி. டபிள்யூ.எல். டாய்ஸ் நிறுவனத்தின் 144001 மாடல் 550 பிரஷ்டு மோட்டாருடன் வருகிறது. அதன் பிரஷ்லெஸ் தம்பி 144010. டிராக்ஸஸ் ஸ்லாஷ் காரின் பிரஷ்டு வகை மணிக்கு சுமார் 48 கி.மீ. வேகம் போகும் என்கிறது நிறுவனம். அதன் வி.எக்ஸ்.எல். பிரஷ்லெஸ் வகை, 3எஸ் பேட்டரியும் அதற்கேற்ற கியரும் போட்டால், சுமார் 96 கி.மீ. வேகத்தைத் தொடும் என்கிறது.

விலையைப் பார்க்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பொம்மைகள் மீதான அடிப்படை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. வெளிநாட்டு இணையதளத்தில் பார்க்கும் விலையை அப்படியே ரூபாயில் பெருக்கிக் கனவு காண வேண்டாம்.

பிரஷ்டு வாங்கிட்டு அப்புறம் மாத்திக்கலாமா?

மாத்திக்கலாம். பலரும் செய்வதுதான். ஆனால் 'மோட்டார் மட்டும் மாத்தினா போதும்' என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

பிரஷ்டு ஈ.எஸ்.சி.யில் இரண்டு வயர். பிரஷ்லெஸ்ஸுக்கு மூன்று. அதனால் ஈ.எஸ்.சி.யும் சேர்ந்து மாற வேண்டும். பழைய நிக்கல் பேட்டரியால் அவ்வளவு கரண்ட் கொடுக்க முடியாது, லித்தியம் பேட்டரி வேண்டும். அதற்கு பேலன்ஸ் சார்ஜர் வேண்டும். எல்லாம் மாற்றிவிட்டு முதல் முறை முழு த்ராட்டில் அழுத்தினால், பிளாஸ்டிக் கியர் பல் உதிரும். கியரை இரும்பில் போட்டால், அடுத்து டிரைவ் ஷாஃப்ட் முறியும். அதையும் மாற்றினால் டிஃபரென்ஷியல். கூரியர் பார்சல் வந்துகொண்டே இருக்கும்.

சில நூறு ரூபாயில் கிடைக்கும் 540 பிரஷ்டு மோட்டாரையும், சில ஆயிரம் ஆகும் பிரஷ்லெஸ் காம்போவையும் ஒப்பிடும்போது, இந்த வால் செலவையும் சேர்த்துப் பாருங்கள். பின்னால் கட்டாயம் பிரஷ்லெஸ்ஸுக்குப் போவேன் என்று உறுதியாகத் தெரிந்தால், ஆரம்பத்திலேயே பிரஷ்லெஸ் காராக வாங்குவதுதான் மலிவு. அதன் கியரும் ஷாஃப்ட்டும் அந்தப் பலத்துக்கேற்ப அமைக்கப்பட்டிருக்கும்.

பேட்டரியில் விளையாட வேண்டாம்

மோட்டார் எரிந்தால் காசு போகும். லித்தியம் பேட்டரி எரிந்தால் வீடே போகலாம். நூலும் துணியும் அடுக்கியிருக்கும் தறி வீட்டில் இதை இரண்டு முறை சொல்லலாம்.

சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். சார்ஜ் செய்யும்போது மண்சட்டிக்குள்ளோ, அதற்கென விற்கும் தீ தாங்கும் பைக்குள்ளோ பேட்டரியை வையுங்கள். உப்பிப்போன பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. ஒரு மாதம் ஓட்டப் போவதில்லை என்றால், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து எடுத்து வையுங்கள். செல் 3 வோல்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். பழைய பிரஷ்டு கார்களின் ஈ.எஸ்.சி.யில் லித்தியத்துக்கான கட்-ஆஃப் இல்லாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட காரில் லித்தியம் பேட்டரி போட்டால், அது எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிடும். நிக்கல் பேட்டரியே இதில் பாதுகாப்பு.

கெட்டுப்போனா யார் பார்க்கிறது?

சின்னாளப்பட்டி போன்ற ஊருக்கு உண்மையான கேள்வி இதுதான். தறியும், தையல் மெஷினும், கிணற்று மோட்டாரும் ஓடும் ஊர்களில் மோட்டாரைத் திறக்கத் தெரிந்த கை நிச்சயம் இருக்கும். பிரஷ்டு மோட்டார் அந்தக் கைகளுக்குப் பழக்கமான சாமான். ஓட மறுக்கிறதா? கார்பன் தேய்ந்திருக்கும், கம்யூட்டேட்டர் கறுத்திருக்கும், அல்லது வயர் விட்டிருக்கும். பார்த்தாலே தெரியும்.

ஆனால் இதிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். பின்பக்க மூடியைத் திறக்க முடிகிற பிரஷ்டு மோட்டாரில்தான் கார்பனை மாற்ற முடியும். காருடன் வரும் விலை மலிவான 540-களில் பெரும்பாலானவற்றில் மூடி மடித்து அடைக்கப்பட்டிருக்கும். கார்பன் தீர்ந்தால் மோட்டாரே குப்பை. 'பிரஷ்டுன்னா ரிப்பேர் பண்ணிக்கலாம்' என்று நம்பி வாங்குபவர், திறக்கக்கூடிய மோட்டாரா என்று கேட்டு வாங்க வேண்டும்.

புது பிரஷ்டு மோட்டாரை முதல் நாளே முழு வேகத்தில் விரட்டக் கூடாது. சக்கரத்தைத் தூக்கி வைத்து, 3 வோல்ட் அளவில் சில நிமிடம் மெதுவாகச் சுழலவிட்டால், கார்பனின் முனை வளையத்தின் வளைவுக்கு ஏற்ப உட்கார்ந்துவிடும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுகிற மாதிரி. அதன் பிறகு பொறி குறையும், ஆயுள் கூடும்.

பிரஷ்லெஸ்ஸில் இந்த வேலை எதுவும் இல்லை. பேரிங்குக்கு எண்ணெய், ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்ற பார்வை, அவ்வளவுதான். சென்சார்லெஸ் மோட்டாரில் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் சூட்டை மட்டும் கவனிக்க வேண்டும். மோட்டார் 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். அதிகச் சூட்டில் காந்தம் பலம் இழக்கும், அது திரும்ப வராது. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. பெரும்பாலும் அது உடல் சூட்டுக்கு மேல் காட்டாது. தொழிற்சாலைகளில் பயன்படும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வேண்டும். மோட்டார் அடிக்கடி சூடானால், மோட்டாரில் மாட்டியிருக்கும் சின்ன கியரில் ஒன்றிரண்டு பல் குறைத்துப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நிறையவே குறையும்.

கடைசியில் எதை வாங்கலாம்?

பிரஷ்டு வாங்கலாம்:
- இது உங்கள் முதல் கார், அல்லது வீட்டுக் குழந்தைக்கு வாங்குகிறீர்கள் என்றால்
- தெருவிலும் மாடியிலும்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால்
- பாறை ஏறும் கிராலர்தான் ஆசை என்றால்
- நிக்கல் பேட்டரியோடு நிம்மதியாக இருக்க விரும்பினால்

பிரஷ்லெஸ் வாங்கலாம்:
- ஆள் நடமாட்டமில்லாத திறந்த வெளி கைவசம் இருந்தால்
- புழுதியில் நீண்ட நேரம், வாரம் பல முறை ஓட்டுவீர்கள் என்றால்
- லித்தியம் பேட்டரியைக் கவனமாகப் பராமரிக்கப் பொறுமை இருந்தால்
- காரின் விலைக்கு மேல் பேட்டரி, சார்ஜர், உதிரி பாகத்துக்கும் காசு ஒதுக்க முடிந்தால்

இரண்டிலும் மனசு ஊசலாடினால், கையில் இருக்கும் பணத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முழுப் பணத்தையும் காருக்கே கொடுத்துவிட்டு, முதல் வாரமே முறிந்த ஷாஃப்ட்டோடு உட்கார்ந்திருப்பதைவிட, முக்கால் பணத்தில் நல்ல பிரஷ்டு கார் ஒன்றும், மீதிப் பணத்தில் உபரி மோட்டார், கியர், இன்னொரு பேட்டரியும் வாங்கி வைத்தவர் அதிக ஞாயிற்றுக்கிழமைகளை மைதானத்தில் கழிப்பார்.

பிரஷ் தேயும். அது குறை இல்லை, தேய்வதற்காகவே வைத்த பாகம் அது. தேய்ந்தால் மாற்றப் பாகமும், மாற்றத் தெரிந்த கையும் பக்கத்தில் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். இருந்தால் பிரஷ்டு உங்களைக் கைவிடாது. இல்லையென்றால், கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து பிரஷ்லெஸ்ஸுக்கே போய்விடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் மச்சி என்ன சொன்னாலும், கூரியருக்காகக் காத்திருக்கப் போவது நீங்கள்தான்!